1956 ஜூன் 5: மொன்ட்கொமரியும் காலிமுகத்திடலும்

காலிவீதிப் பயணி | வெள்ளி, இரவு 8.40

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிச் சொல்ல இரண்டு பாடவேளை கிடைத்திருக்கிறது. வழக்கமாகக் கனவு உரையில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுவேன். இந்த முறை பஸ் புறக்கணிப்பில் இருந்து தொடங்கலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு திகதியைக் கண்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

1956 ஜூன் 5. அலபாமாவில் மூன்று நீதிபதிகள் இருந்த சமஷ்டி நீதிமன்றம், மொன்ட்கொமரி பஸ்களில் நிறம் பார்த்து இருக்கை பிரிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது அன்றுதான். அதே நாள் இங்கே கொழும்பில், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. எதிரே காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் கூட்டமாக வந்து அடித்து விரட்டினார்கள். அதே கட்சியின் அமிர்தலிங்கத்தின் தலை உடைந்தது.

அப்பா அப்போது கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க். வெளியே வந்தவர், திடல் பக்கமிருந்து வேட்டி கிழிந்து, சட்டையெல்லாம் இரத்தமாக ஒருவர் ஓடிவருவதைக் கண்டிருக்கிறார். பக்கத்தில் போய் என்ன ஏது என்று கேட்கவில்லை. லேஞ்சியை எடுத்து நெற்றியில் இருந்த திருநீற்றைத் துடைத்துக்கொண்டு வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறிவிட்டார். இதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார், அதுவும் சாவதற்கு ஒரு வருடம் முதல்.

அப்பா பஸ் ஏறிய அன்றைக்கு, மொன்ட்கொமரியின் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் நடக்கத் தொடங்கிச் சரியாக ஆறு மாதம். நாலு நாளாக இந்தக் கணக்கு மனதை விட்டுப் போகவில்லை. அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு மூன்று தங்கைகள், ஒரே சம்பளம். கிங் விட்டுப்போனதில் கொழும்பில் இருக்கிற எங்களுக்கு எது பொருந்தும்? பிள்ளைகள் முன்னால் போய் நிற்பதற்கு முதல் உங்களோடு பேசிப்பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

தெஹிவளைத் தங்கை | இரவு 9.05

டீச்சர், உங்கள் அப்பாவின் கதையை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு ஒரு கேள்வி. 381 நாள் பஸ் ஏறவில்லை என்று எல்லா இடத்திலும் ஒரு வரியில் எழுதுகிறார்கள். அத்தனை நாளும் வேலைக்கு எப்படிப் போனார்கள்? நான் தெஹிவளையில் இருந்து கோட்டைக்குப் போய்வருகிறவள். பஸ் வேலைநிறுத்தம் என்றால் மூன்றாம் நாளே எங்கள் வீட்டில் சமாளிக்க முடியாது.

காலிவீதிப் பயணி | இரவு 9.50

அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன், தங்கச்சி.

பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழும்ப மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை. அதே வருடம் மார்ச்சில் குளோடெட் கொல்வின் என்ற 15 வயதுப் பிள்ளையும் எழும்ப மறுத்துக் கைதாகியிருந்தாள். பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, இரண்டு மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விடிய விடிய ரோனியோ அடித்தார். பல்லாயிரம் துண்டுப்பிரசுரம். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏற வேண்டாம் என்பதுதான் செய்தி. கிங் அப்போது 26 வயதுப் போதகர், ஊருக்கு வந்து கொஞ்சக் காலம்தான். புதியவர், யாரோடும் பழைய பகை இல்லை என்பதும் அவரைத் தலைவராக்கியதற்கு ஒரு காரணம்.

முதலில் கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சதத்துக்கே ஆட்களை ஏற்றினார்கள். 45 சதத்துக்குக் குறைந்து வாங்கினால் குற்றம் என்று நகர நிர்வாகம் மிரட்டியது. அப்புறம் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் காரைக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 300 வாகனம், ஏறும் இடம், இறங்கும் இடம், நேரம் எல்லாம் அட்டவணை போட்டு. எதிர்த்தவர்கள் அந்தக் கார்களின் காப்புறுதியை இரத்துச் செய்வித்துப் பார்த்தார்கள். இவர்கள் லண்டன் லொயிட்ஸில் காப்புறுதி எடுத்து ஓட்டினார்கள். ஜோர்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண், கிங்கின் வழக்கில் சாட்சி சொன்னதால் வேலை போனது. அவர் வீட்டிலேயே சமைத்து விற்றார். மற்றப் பெண்களும் கேக், பை, பொரித்த கோழி என்று செய்து விற்று வாரா வாரம் காசு கொண்டுவந்து கொடுத்தார்கள். பெற்றோலுக்குப் போனது அந்தக் காசு.

அப்படியும் நடந்தவர்கள்தான் அதிகம். பொல்லார்ட் என்ற கிழவியிடம் களைப்பாக இல்லையா என்று கேட்டபோது, கால் களைத்துப்போனது, ஆன்மா ஆறியிருக்கிறது என்றாராம். கிங் பின்னால் பல இடத்திலும் சொன்ன கதை.

இன்னொன்று. அவர்கள் முதலில் கேட்டது மிகவும் கொஞ்சம். கறுப்பர் பின்னால் இருந்தும் வெள்ளையர் முன்னால் இருந்தும் வந்த வரிசைப்படி இருக்கட்டும், சாரதிகள் மரியாதையாகப் பேசட்டும், கறுப்பினப் பகுதிகளுக்குக் கறுப்பினச் சாரதிகள் வரட்டும். அவ்வளவுதான். அதற்கே ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டுக்குக் குண்டு போட்டார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். வாசலில் கோபத்தோடு திரண்டு நின்றவர்களை அவர் வீட்டுக்குப் போகச் சொன்னார். தீர்ப்பு வந்து பஸ் ஏறப்போகும் நாளுக்கு முதல் தேவாலயத்தில் கதிரைகளைப் பஸ் மாதிரி அடுக்கி, யாராவது திட்டினால், தள்ளினால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்தார்கள்.

புதுக்கடைக் கறுப்பங்கி | இரவு 10.30

டீச்சர், அந்தத் திகதிப் பொருத்தம் எனக்கும் புதிது. 25 வருடமாக நீதிமன்றத்தில் நிற்கிறவன் என்பதால் வழக்குப் பக்கத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் கால்களோடு கோப்பும் நடந்தது.

1956 பெப்ரவரி 1 அன்று ஐந்து பெண்களின் பெயரில் வழக்குப் போட்டார்கள். அதில் ஒருத்தி நீங்கள் சொன்ன கொல்வின். ரோசா பார்க்ஸ் அதில் இல்லை. ஜூனில் தீர்ப்பு, நவம்பர் 13 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே 13ஆம் திகதி மொன்ட்கொமரியில் கார் ஏற்பாட்டைத் தடைசெய்யும் கட்டளையை நகரம் வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு நீதிமன்றம் காரை நிறுத்துகிறது, மற்றது பஸ்ஸைத் திறக்கிறது. டிசம்பர் 21 காலை கிங் பஸ்ஸின் முன்பக்கம் போய் உட்கார்ந்தார்.

இனி எங்கள் பக்கம். சுதந்திரம் கிடைத்த காலத்துச் சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் ஆக்க முடியாது என்றது அது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற அமெரிக்காவின் 14ஆம் திருத்தம்போல் எங்கள் கையில் இருந்த பிடி அதுதான். கோடீஸ்வரன் என்ற அரச கிளார்க், சிங்களத் தேர்ச்சி இல்லை என்று சம்பள ஏற்றத்தை நிறுத்தியபோது, அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குப் போடவே முடியாது என்று தள்ளியது. 1969இல், அன்றைக்கு எங்கள் மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அது பிழை என்றது. ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியைத் திரும்ப இங்கேயே அனுப்பியது. அது விசாரிக்கப்படுவதற்கு முதல் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி மூடப்பட்டது. 1972 குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவும் இல்லாமல் போனது.

அங்கே ஒரே வருடத்துக்குள் பதில் கிடைத்த கேள்விக்கு இங்கே கடைசிவரை பதிலே வரவில்லை. கேட்டவரின் திறமைக்குறைவு இல்லை இது. வழக்கு ஏடுகளை வாசிக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

மருதானை | இரவு 11.15

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் சொல்வதைத் தப்பாக எடுக்க வேண்டாம். 83 ஜூலையில் எங்கள் கடை எரிந்தபோது எனக்கு 11 வயது. அப்பா அதற்குப் பிறகு கடை வைக்கவே இல்லை. காலிமுகத்திடலில் கைகட்டி இருந்து அடிவாங்கி எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுத்தான் என் ஒன்றுவிட்ட அண்ணன் இயக்கத்துக்குப் போனான். அவனும் வரவில்லை. அதனால் அகிம்சையைப் புகழவும் எனக்கு வாய் வருவதில்லை, மற்றதைப் புகழவும் வருவதில்லை. கிங்குக்கு வாய்த்த நீதிமன்றம் எங்களுக்கு வாய்க்கவில்லை என்று கறுப்பங்கி அண்ணா சொல்லிவிட்டார். அப்படியென்றால் அவரை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி என்ன பயன்?

காலிவீதிப் பயணி | இரவு 11.55

தம்பி, இந்தக் கேள்விக்கு வகுப்பிலும் பதில் சொல்லியாக வேண்டும். என்னிடம் முழுப் பதில் இல்லை.

தெரிந்ததைச் சொல்கிறேன். கிங்குக்கும் எல்லாம் வாய்க்கவில்லை. 1963 ஓகஸ்ட் 28இல் வாஷிங்டனில் இரண்டரை இலட்சம் பேர் முன்னால் கனவைச் சொன்னார். 18 நாளில் பர்மிங்ஹாமில் ஒரு தேவாலயத்துக்குக் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். அதற்கு முதல் ஜோர்ஜியாவின் ஓல்பனி நகரில் மாதக்கணக்கில் போராடி வெறுங்கையோடு திரும்பியிருந்தார். 1966இல் எடுத்த கலப் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 63 வீதம் பேர் அவரைப் பிடிக்காது என்றார்கள். இன்று அவருக்கு விடுமுறை விடும் நாடு, உயிரோடு இருந்தபோது அவரை வேண்டாம் என்றது. இது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் அண்ணனுக்காக நானும் துக்கப்படுகிறேன்.

புதுக்கடைக் கறுப்பங்கி | சனி, காலை 6.20

மருதானைத் தம்பிக்கு ஒன்று. 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையில் இருந்து கிங் எழுதிய கடிதம் வெறியர்களுக்கு எழுதியதில்லை. பொறுத்திருங்கள் என்று புத்தி சொன்ன நல்ல மனிதர்களான மதகுருமாருக்கு எழுதியது. பத்திரிகையின் ஓரங்களில் எழுதத் தொடங்கினார். பொறு என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் ஒருபோதும் இல்லை என்றே அர்த்தம் வந்திருக்கிறது என்றார். நீதியைவிட ஒழுங்கைப் பெரிதாக நினைக்கிற நடுநிலைக்காரரே தனக்குப் பெரிய ஏமாற்றம் என்றார்.

எங்களுக்கும் அந்த ஏமாற்றம் உண்டு. 1956இல் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தார். அத்தனை தெளிவாகப் பேசிய மனிதர். 1972இல் அந்த 29ஆம் பிரிவை இல்லாமல் செய்த அரசியலமைப்பைக் கொண்டுவந்த அமைச்சரும் அவரேதான். அவரை வெறுக்க எனக்கு முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

கொழுந்து | சனி, காலை 7.45

வணக்கம். புறக்கோட்டையில் கடை ஒன்றில் வேலை. ஊர் மலைநாட்டுப் பக்கம் ஒரு தோட்டம்.

எல்லோரும் 1956 என்று ஆரம்பிக்கிறீர்கள். எங்கள் மலையகத் தமிழ் ஆட்களுக்கு 1948இலேயே எல்லாம் போய்விட்டது. 47 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே எங்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம், அதற்குப் பின்னால் வாக்கும் இல்லை. 1952இல் எங்கள் தலைவர்கள் இதே கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காலிமுகத்திடலுக்கு நான்கு வருடம் முதல். அதை நினைவு வைத்திருக்கிறவர்கள் குறைவு, தமிழர்களிலும் குறைவு.

கிங்கைப் பற்றி வாசித்ததில் எனக்கு மனதில் நின்றது அலபாமாவின் செல்மா நகரம்தான். வாக்குப் பதிவு செய்ய வந்த கறுப்பர்களைப் பரீட்சை வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பதிவுக் கந்தோர் மாதத்தில் இரண்டு நாள்தான் திறந்தது. 1965 மார்ச் 7இல் பாலத்தில் வைத்து 600 பேரை அடித்தார்கள். ஓகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

1964 ஒக்டோபரில் கிங்குக்கு நோபல் பரிசு என்று அறிவித்தார்கள். அதே ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேர் நாங்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். யாரும் எங்களிடம் கேட்கவில்லை. அம்மாயியின் அக்கா குடும்பம் அந்தப் பக்கம் போனது. தலைமன்னாரில் கப்பல் ஏறிய பிறகு அக்காவும் தங்கையும் பார்க்கவே இல்லை. அம்மாயிக்குக் குடியுரிமை கிடைத்தது 2003 சட்டத்துக்குப் பிறகுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்குப் போட்டுவிட்டு வந்து, மை பூசின விரலை அன்றைக்கு முழுக்கத் தண்ணீரில் படாமல் வைத்திருந்தார். சோறு பிசைய மாட்டேன் என்று கரண்டியால் சாப்பிட்டார்.

தெஹிவளைத் தங்கை | காலை 8.10

அண்ணா, அழுதுவிட்டேன். 1952 சத்தியாக்கிரகம் எனக்குத் தெரியவே தெரியாது. வெட்கமாக இருக்கிறது.

வடலி | காலை 10.30

பிறந்தது யாழ்ப்பாணத்தில், 30 வருடமாக இருப்பது வத்தளையில். கொழுந்து தம்பி தொடங்கிய இடத்தில் இருந்தே நான் தொடர்கிறேன்.

1959இல் கிங் இந்தியா போனபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவில் இருந்து வந்திருக்கும் எங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். அவருக்கு முதலில் அதிர்ச்சி, கொஞ்சம் கோபமும்கூட. பிறகு யோசித்து, ஆம், நான் அதுதான் என்று ஏற்றுக்கொண்டார். இதை 1965இல் தன் தேவாலயத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

தமிழ்த் தலைவர்கள் 1956இல் திடலில் சமத்துவம் கேட்ட நேரம், யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினரான எங்களுக்கு உள்ளே இடமில்லை. போத்தலிலும் சிரட்டையிலும் ஊற்றித் தந்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது, கடைக்கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமையை எதிர்த்துச் சுன்னாகத்தில் இருந்து ஊர்வலம் போனோம் என்று என் தகப்பன் சொல்வார். பொலிஸ் அடித்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் எங்கள் ஆட்கள் நின்றபோது உள்ளே விடாமல் மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சுந்தரலிங்கம். முன்னாள் அமைச்சர், கணிதப் பேராசிரியர், தமிழருக்கு உரிமை கேட்டவர்.

டீச்சர், உங்கள் வகுப்பில் இதையும் சொல்லுங்கள். கிங்கின் படத்தை மாட்டி வைத்துவிட்டு, வீட்டில் கலியாணப் பேச்சில் ஊரையும் ஆட்களையும் விசாரிக்கிற பழக்கத்தை நாங்கள் விடவில்லை. எனக்கு இது கோபத்தில் எழுதுவதில்லை. என் மகளுக்குப் போன வருடம் நடந்தது.

காலிவீதிப் பயணி | காலை 11.05

சொல்லுவேன் ஐயா. எங்கள் வீட்டிலும் அந்த விசாரணை நடந்திருக்கிறது. அப்போது நான் அருகில் இருந்தும் வாய் திறக்கவில்லை.

ஆமர்வீதி மகன் | பிற்பகல் 1.40

நேற்றிரவில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

அம்மா தெருக் கூட்டுகிறவர். வயது 54. எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் அந்த வேலைதான். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த நகரத்தைத் துப்புரவாக்க என்றே தென்னிந்தியாவில் இருந்து கூட்டிவந்த ஆட்களின் பிள்ளைகள் நாங்கள். நான் படித்துக் கணக்காளர் வேலைக்குப் போகிறேன். வேலையிடத்தில் அம்மாவின் தொழிலைக் கேட்டால் இரண்டு வருடம் முதல்வரை வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாற்றியது ஒரு படம். மெம்பிஸ் நகரம், 1968. பெப்ரவரி 1 அன்று மழை. எக்கோல் கோல், ரொபர்ட் வோக்கர் என்று இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் ஒதுங்க வேறு இடமில்லாமல் குப்பை லொறியின் பின்பக்கத்துக்குள் ஏறி நின்றார்கள். இயந்திரம் பழுதாகி இயங்கி, இருவரையும் நசுக்கிக் கொன்றது. பெப்ரவரி 12இல் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. கையில் பிடித்த அட்டையில் ஒரே வரிதான்: நான் ஒரு மனிதன். நரைத்த ஆட்களையும் பொடியா என்று கூப்பிடுகிற ஊர் அது.

கிங்கின் ஆட்களே அவரை மெம்பிஸுக்குப் போக வேண்டாம் என்றார்கள். வாஷிங்டனில் ஏழைகளின் பெரிய போராட்டத்துக்கு ஏற்பாடு நடந்த நேரம். அவர் போனார். மார்ச் 28 ஊர்வலம் கலவரமாகி ஒரு 16 வயதுப் பொடியனைப் பொலிஸ் சுட்டது. அப்படியும் ஏப்ரலில் திரும்பப் போனார். 4ஆம் திகதி சுட்டுக் கொன்றார்கள். வயது 39. நோபல் பரிசு வாங்கியவர், சட்டங்களை மாற்றியவர், கடைசியாக நின்றது குப்பை அள்ளுகிறவர்களின் சம்பளத்துக்காக. நான்கு நாள் கழித்து மனைவி கொரெட்டா பிள்ளைகளோடு வந்து அதே ஊரில் அந்த ஊர்வலத்தை நடத்தி முடித்தார். ஏப்ரல் 16இல் தொழிற்சங்கத்தை ஏற்றார்கள், சம்பளமும் கூடியது.

அம்மா வேலை செய்வது ஓர் ஒப்பந்தக்காரரிடம். உடுப்பு மாற்ற இடமில்லை. மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கினால் வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்று தள்ளி நிற்கச் சொல்வார்கள். தண்ணீர் கேட்டால் எட்டி நின்று ஊற்றுவார்கள். என் வயதில் பாதிகூட இல்லாத பெடியன் அம்மாவை 'ஏய், இங்க வா' என்கிறான். வடலி ஐயா சொன்னது உண்மை. அதைச் சொல்கிறவர்களில் தமிழில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் படத்தை ஃபோனில் அம்மாவுக்குக் காட்டி, அட்டையில் இருந்ததைத் தமிழில் வாசித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "இவங்களுக்குச் சம்பளம் கூடிச்சா?" என்று கேட்டார். கூடியது, அதற்குப் போனவரைச் சுட்டுவிட்டார்கள் என்றேன். "அவருக்குப் புள்ளைங்க இருந்துச்சா?" நாலு என்றேன். ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இரவு படுக்கும்போது மறுபடியும், "நாலும் சின்னதா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் வேலையிடத்தில் ஒருவர் கேட்டபோது, அம்மா தெருக் கூட்டுகிறார் என்று சொன்னேன்.

மருதானை | பிற்பகல் 2.15

நேற்று நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இனிமேல் கேட்கும்போது இதையும் நினைத்துக்கொண்டுதான் கேட்பேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

காலிவீதிப் பயணி | பிற்பகல் 2.50

ஆமர்வீதித் தம்பி, பாடக் குறிப்பைக் கிழித்துவிட்டேன். மெம்பிஸில் இருந்து தொடங்கி மொன்ட்கொமரிக்குப் பின்னால் போகப்போகிறேன். ஒன்று கேட்கலாமா? அம்மா எங்கள் வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் கதைப்பாரா? வண்டி நான் அனுப்புகிறேன்.

ஆமர்வீதி மகன் | மாலை 5.30

அம்மாவிடம் கேட்டேன் டீச்சர். பெரிய பள்ளிக்கூடத்துக்குள் வரக் கூச்சமாக இருக்கிறதாம். பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வருவார்களா என்று கேட்கிறார். வந்தால் பிட்டு அவிப்பாராம்.

காலிவீதிப் பயணி | மாலை 5.36

வருவார்கள். பெற்றோரிடம் கடிதம் வாங்க ஒரு வாரம் வேண்டும். அடுத்த ஞாயிறு? 14 பிள்ளைகள், நானும் இன்னொரு ஆசிரியையும்.

கொழுந்து | மாலை 5.50

ஞாயிறு எனக்கும் லீவு. இடம் இருந்தால் நானும் வரட்டுமா?

ஆமர்வீதி மகன் | மாலை 6.10

வாங்க அண்ணா. நாலு மணிக்கு ஆமர் வீதிச் சந்தியில் இறங்குங்கள், நான் வந்து நிற்பேன். வீடு ஒரு அறைதான் டீச்சர், ஆனால் முன்னால் முற்றம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் பாய் வாங்கி விரித்துவைக்கிறேன்.